படுதா இல்லாத ஜீப்

ஐந்து வருசமாக ஒரு பழைய எம்.எம். 540 ஜீப் வைத்திருக்கிறேன். தினமும் அதில்தான் போக்குவரத்து. மேலே படுதா கிடையாது. மழை பெய்தால் நனைவேன், வெயிலடித்தால் மண்டை காயும். ‘எம்.ஏ. தமிழ் படிச்சவனுக்கு எதுக்குய்யா இந்தக் கூத்து?’ என்கிறார்கள் தோழர்கள்.

முன்பு போலீசில் ஓடிய வண்டி. ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கினேன். பியூஜோ டீசல் இஞ்சின். காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருந்துதான் கிளப்ப வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லை; திருப்பத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். நான் வருவதற்கு முன்னாலேயே அதன் கடகட சத்தம் ஊருக்குள் வந்துவிடும்.

அந்தச் சத்தம்தான் வில்லங்கம். முதல்நாள் ராத்திரி ஓட்டி வந்தபோது எங்கள் தெருவில் விளக்குகள் அணைந்தன. ஆம்பளைகள் பின்வாசல் வழியாக ஓடைப்பக்கம் ஓடினார்கள். என் சின்னையாவும் ஓடினார், வயசு அறுபத்தெட்டு. 1995இல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியதை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை.

‘எலே, அந்தச் சத்தத்த வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டாத’ என்றாள் அம்மா. ஒரு வாரம் பேச்சில்லை.

மறுநாளே படுதாவை அவிழ்த்துப் பரணில் போட்டேன். உள்ளே இருப்பது யாரென்று தூரத்திலேயே தெரியட்டும். (மேலத்தெருக்காரர்களுக்கும்தான் தெரிகிறது. அது அவர்கள் பாடு.) ராத்திரிக்கு என் முகத்தில் விழுகிற மாதிரி ஒரு பல்பு மாட்டியிருக்கிறேன். அதனால் ரோடு சரியாகத் தெரியாது, மெதுவாகத்தான் வருவேன்.

சின்னையா இப்போது ஓடுவதில்லை. சத்தம் கேட்டதும் கட்டிலைவிட்டு எழுந்து நிற்கிறார். முகத்தைப் பார்த்த பிறகு உட்காருகிறார்.