பூச்சின் அடியில்

கண்ணாடியை நூலாக இழுத்து, அந்நூலைத் துணியாக நெய்து, அத்துணியைச் செயற்கைப் பிசினில் தோய்த்து இறுகவிட்டால், மெல்லியதாயினும் நீர் புகாத உறுதியான ஓடு ஒன்று கிடைக்கிறது. 1940களின் பிற்பகுதியில் கலிபோர்னியக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகை செய்வோர் இதைக் கையாளத் தொடங்கினர். முழுமரத்தில் கனத்துக் கிடந்த பலகை, காலப்போக்கில் நுரைக்கட்டையும் அதன் மேல் இழையுறையுமாக மாறி, ஒரு சிறுவன் கக்கத்தில் இடுக்கிச் செல்லும் பொருளாயிற்று. நம் கரைக்கோ இவ்விழை விளையாட்டின் வழியே வரவில்லை. பிழைப்பின் வழியே வந்தது. கோட்டாறு மறைமாவட்டத்து முட்டத்தில், 1980களில், பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜில்லே மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். பலகைகளைக் கம்பியால் தைத்து, தையலின் மேல் இழைப்பட்டையைப் பிசினால் ஒட்டுவது அம்முறை. பின்னர் முழுவதும் இழையாலான படகுகளும் பெருகின. இன்று கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட அவற்றுக்கு மீனவர் நாவில் வெறும் ‘ஃபைபர்’ என்றே பெயர்.

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இப்படகுகளின் தேவை ஒரே நாளில் பன்மடங்காயிற்று. உதவ விரும்பியோர் பலர். படகு கட்டத் தெரிந்தோர் சிலர். அவசரத்தில் முளைத்த பட்டறைகள் சிலவற்றில் பிசின் சிக்கனமாயிற்று, இழை முழுவதும் நனையவில்லை, அடுக்குகளுக்கிடையே காற்று தங்கியது. மேலே நீலமும் மஞ்சளும் பளபளத்தன.

குமரிக் கரையில் மணமுடித்துக் கொடுத்த என் தங்கையின் கணவருக்கு அப்படி ஒரு படகு வாய்த்தது. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டாம் ஆண்டிலேயே, கரையிலிருந்து வெகுதொலைவில், பின்புறத்து இணைப்பு வாய் பிளந்தது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு ஓர் இரவு முழுதும் மிதந்தவரை, விடியற்காலையில் மற்றொரு படகினர் மீட்டனர். கரைக்கு இழுத்துவரப்பட்ட அப்படகின் பிளவில் விரல் விட்டு இழுத்தபோது, இழை பழைய புத்தகத்தின் தாள்களைப்போல் வெள்ளை வெள்ளையாய் உரிந்து வந்ததாம். அதன் பின் அவர் கடலுக்குச் செல்லவில்லை. குடும்பத்தோடு எங்கள் கீழ் கோத்தகிரிக்கே வந்து சேர்ந்தார். அவர் மகன் மட்டும் கடலை விடவில்லை.

சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் மீனவச் சிறுவர்க்கு அலைச்சறுக்கு கற்பிக்கத் தொடங்கிய பின்னர், அவ்வூர் இந்திய அளவில் பெயர்பெற்றது. 2013 இல் அங்கே அலைச்சறுக்கு விழாவும் நடந்தது. அந்தக் கரையில் பழகிய என் மருமகன், கடந்த திருவருகைக் காலத்தில், செதுக்கி முடித்த நுரைக்கட்டை ஒன்றைச் சாக்கில் சுற்றி, மேட்டுப்பாளையம் வழியாக மலைக்குக் கொண்டுவந்தான். கோவையில் பிசினும் இழைத்துணியும் வாங்கியிருந்தான். விடுமுறைக்குள் எங்கள் வீட்டுப் பின்கொட்டகையில் உறையிட்டு முடித்து, கோவளத்தில் தன்னிடம் பயிலும் ஒரு சிறுவனுக்குக் கொடுப்பது அவன் எண்ணம்.

மலை அவன் கணக்கில் இல்லை. பாலியெஸ்டர் பிசின் தானாக இறுகுவதில்லை. நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு வினையூக்கி கலந்தாலே இறுகும். அந்த இறுக்கமும் வெப்பத்தைப் பொறுத்தது. பதினைந்து பாகைக்குக் கீழே இறங்கினால் பிசின் மந்தமாகிவிடும். உதகையைக் காட்டிலும் எங்கள் கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவமழையை மிகுதியாக வாங்குவது. டிசம்பர் மாலை என்றால் மூடுபனியும் ஈரமும்தான். (தேயிலைத் தொழிற்சாலையில் இலையைப் புளிக்க வைப்போருக்கு இது புதிதன்று. கடிகாரம் ஒன்று சொல்லும், குளிர் வேறொன்று சொல்லும். அவர்கள் மூக்கைத்தான் நம்புவர்.) கடற்கரை அளவில் வினையூக்கி கலந்து பூசிய பிசின் மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டியது. பொறுமையிழந்த இளைஞன் கொட்டகையை அடைத்து, பெரிய மின்விளக்குகளை ஏற்றினான். பிசின் இறுகத்தான் செய்தது. ஆனால் வெப்பத்தால் நுரைக்கட்டைக்குள் இருந்த காற்று விரிந்து, இளகி நின்ற உறையைக் கீழிருந்து தள்ளிற்று. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குமிழி. அருகே பொத்தான் அளவில் சில. விளிம்பில், துணி மடியும் இடத்தில், பிசின் ஏறாமல் வெளிறிய ஒரு திட்டு.

மேலே நிறப்பூச்சு கொடுத்தால் ஒன்றும் தெரியாது என்றான். அது பொய்யன்று, தெரியாதுதான்.

அப்போதுதான் என் மைத்துனர் கொட்டகைக்குள் வந்தார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவரைப்போல, விரல்மூட்டால் பலகையின் நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ‘டக் டக்’ என்று வந்த ஒலி, குமிழியின் மேல் ‘பொத்’ என்று அடங்கிற்று.

“யாருலே இதுல ஏறப்போறது?” என்றார்.

“பன்னெண்டு வயசுப் பையன், அப்பா.”

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து கத்தியை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

வலுவற்ற சுவருக்குச் சுண்ணாம்பு பூசி மறைப்போரை எசேக்கியேல் இறைவாக்கினர் 13 ஆம் அதிகாரத்தில் சாடுகிறார். அவ்வதிகாரத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். போலி இறைவாக்கினரைப் பற்றியது என்று கடந்து போயிருக்கிறேன். அன்றுதான் அதைச் சுவருக்குள் குடியிருப்பவனின் பக்கமிருந்து நினைத்துப் பார்த்தேன். பூசியவனுக்கு மழை வரும்போது அவ்வீட்டில் வேலையில்லை. குறை ஒருவனுடையது, அதைச் சுமப்பவன் வேறொருவன். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைச் சொல்வதோடு நில்லாமல், பிறர்க்கு இழைத்த சேதத்தை ஈடுசெய்யவும் திருச்சபை கேட்பதன் காரணம் இதுவாகவே இருக்கவேண்டும்.

திருத்தும் முறை எளிது, மனத்துக்குத்தான் கடினம். குமிழியின் ஓரத்தில் அறுத்தால் போதாது. நல்ல ஒலி வரும் இடம்வரை சென்று அறுக்கவேண்டும். உள்ளங்கை அகலக் குமிழிக்காக ஒரு சாண் அளவு உறையை உரித்தெடுத்தபோது, என் மருமகனின் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. பள்ளத்தைப் பிசினும் டால்கம் தூளும் குழைத்த பசையால் நிரப்பி, இறுகிய பின் சமன் செய்தார்கள். பின்பு சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்கு, குறையற்ற பழைய உறையையும் உப்புத்தாளால் தேய்த்து அதன் பளபளப்பைப் போக்கினார்கள். பளபளப்பின் மேல் புதுப்பிசின் பிடிக்காது. சிலவகைப் பிசின் இறுகும்போது மேலே மெழுகு மிதந்து படியும், அதைத் தேய்த்தெடுக்காமல் ஒட்டியது ஒரு நாள் உரிந்துவிடும். பழைய ஆடையில் புதுத்துணி ஒட்டுவதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை எந்தத் தையற்காரரும் மறுக்கமாட்டார். இழைத்துணியில் அந்த ஒட்டு நிற்பதற்குக் காரணம், பழையதும் தேய்க்கப்பட்டுப் புதியதை ஏற்க ஆயத்தமாக்கப்படுவதே.

பொத்தான் அளவுக் குமிழிகளுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இரண்டு சிறு துளைகள். ஒன்றில் ஊசிக்குழலால் பிசினைச் செலுத்த, மற்றதன் வழியே காற்று வெளியேறும். விளிம்பின் வெளிறிய திட்டை மட்டும் முற்றாகத் தேய்த்தெடுத்து, புதுத்துணி இட்டார்கள்.

எல்லாவற்றினும் முக்கியம் நேரம். வெப்பம் ஏறும் வேளையில் ஒட்டினால் நுரை மீண்டும் காற்றைக் கக்கும். இறங்கும் வேளையில் ஒட்டினால் பிசினை உள்ளிழுத்துக்கொள்ளும். கடற்கரையில் அதற்கு மாலை முழுதும் உண்டு. எங்களுக்கோ உச்சிவெயில் தணிவதற்கும் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறுவதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணிநேரம்தான். அந்நேரத்துக்காக மூவரும் நான்கு நாள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தோம். இடையில் என் தங்கை, குளிர்கிறதே என்று கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்து, தந்தையும் மகனும் ஒரே குரலில் கத்தியதில் திகைத்து நின்றாள். அசிட்டோனும் பிசினும் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கடலை விட்டுவந்த நாள்முதல் அவ்விருவரும் ஒன்றாய்க் குரல் எழுப்பியதை நான் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. சிறிய துணி முதலில், பெரியது அதன் மேல், ஓரங்கள் பழைய உறையைத் தாண்டி. பழைய செருப்பின் ரப்பரை வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மைத்துனர் இழுக்க, மகன் பார்த்துக்கொண்டிருந்தான்; பிறகு மகன் இழுக்க, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இழை நனைந்ததும் வெண்மை மறைந்து, அடியில் நுரைக்கட்டையில் இட்டிருந்த பென்சில் கோடு தெரிந்தது.

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள், பலகை சாக்குக்குள் ஏறி கோத்தகிரிப் பேருந்தில் சென்றது. நிறம் பூசவில்லை, ஒட்டுப்போட்ட இடத்தில் கை வைத்தால் மேடு தட்டுப்படும், எடையும் சற்றுக் கூடுதல். பிசின் ஒரு டப்பா மீந்தது. அது சில மாதங்களுக்குமேல் தாங்காது என்பதால், மைத்துனர் மாட்டுக்கொட்டகைக் கூரையின் ஃபைபர் தகட்டில் இருந்த வெடிப்பை அடைத்தார். அடைக்குமுன் தகடு முழுவதையும் விரல்மூட்டால் தட்டிப் பார்த்ததில், எங்கள் கண்ணில் படாத வெடிப்புகள் மேலும் இரண்டு அகப்பட்டன.