கரையில் ஒரு கூடாரம்

(சாரணியர் அணித் தலைவி, பதினோராம் வகுப்பு)

கப்பலூர் என்று ஊரின் பெயரைச் சொன்னவுடன், "உங்கள் ஊருக்குக் கப்பல் வருமா?" என்று கேட்காத தோழி எங்கள் வகுப்பில் ஒருத்திகூட இல்லை. வராது. மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில், ஆலைகளும் தொழிற்பேட்டையும் சுங்கச்சாவடியும் சூழ இருக்கிறது எங்கள் ஊர். எங்களுக்கு வாய்த்த கடல் ஒரு கண்மாய்தான். அந்தக் கண்மாய்க் கரைக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை. அப்பா விட்டதில்லை.

ஆகவே, சென்ற ஆடி மாதம் சாரணியர் வகுப்பில் சிஸ்டர் ஓர் அறிவிப்புச் செய்தபோது, மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இந்த ஆண்டு முகாம் பள்ளி மைதானத்தில் இல்லை. ஏதாவது ஒரு நீர்நிலையின் அருகே இரண்டு இரவு தங்கப் போகிறோம். இடத்தை அணித் தலைவிகளே பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார் சிஸ்டர். மூன்று அணித் தலைவிகளில் நானும் ஒருத்தி.

அன்று சிஸ்டர் ஒரு வரலாறும் சொன்னார். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தில் நீர் சூழ்ந்த பிரவுன்சீ என்னும் தீவில், பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டிச் சென்று கூடாரம் அடித்தார். சாரணர் இயக்கத்தின் முதல் முகாம் அதுதான். அதில் சிறுமி ஒருத்திகூட இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1909இல், இலண்டன் கிறிஸ்டல் அரண்மனையில் சாரணர் பேரணி நடந்தது. யாரும் அழைக்காமலே சில சிறுமிகள் அங்கே வந்து நின்று, "எங்களுக்கும் வேண்டும்" என்றார்கள். அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. "அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது" என்று சிஸ்டர் முடித்தபோது, நானும் அப்பாவிடம் கேட்டுவிடுவது என்று உறுதி செய்துகொண்டேன்.

கேட்டேன். "பகல்ல போய் இடத்தப் பாத்துட்டு வா. ராத்திரி தங்குறது, தண்ணியில இறங்குறது எல்லாம் வேணாம்த்தா" என்றார். காரணம் கேட்டால் பேச்சை மாற்றினார்.

இடம் பார்க்கவாவது போகலாமே என்று, பள்ளி வேனில் சிஸ்டருடன் மூன்று சனிக்கிழமைகள் சுற்றினோம்.

முதலில் வாடிப்பட்டிக்கு அருகே சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் குட்லாடம்பட்டி. மழைக் காலத்தில் மட்டும் கொட்டும் அருவி அது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பெய்த மழையில் காட்டாற்று வெள்ளம் அங்கிருந்த படிகளையும் தடுப்புகளையும் பெயர்த்துவிட்டது. அருவிக்குச் செல்லும் வழியில் நின்று பார்த்தோம். நாங்கள் நின்ற இடத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மலைக்கு மேல கறுத்திருக்கு, கீழ நிக்காதீங்க" என்று எச்சரித்தார். மழை மேலே பெய்யும். வெள்ளம் கீழே வரும். கீழே இருப்பவர் தலையில் ஒரு துளியும் விழுந்திருக்காது. உடனே திரும்பிவிட்டோம்.

அடுத்த வாரம் பாலமேட்டுக்கு அருகே உள்ள சாத்தையாறு அணை. 29 அடி உயரமுள்ள சிறிய அணை. மலையில் பெய்யும் மழையை நம்பியே அது நிறைய வேண்டும். நாங்கள் போன அன்று அடியில் சேறும் கொஞ்சம் நீரும்தான் இருந்தன. பார்க்கச் சாதுவாகத் தோன்றியது. ஆனால் கல்லை விட்டெறிந்து பார்த்தபோது, சேறு அதை அப்படியே விழுங்கிக்கொண்டது. காலை வைத்தால் காலையும் விழுங்கும் என்று புரிந்தது.

மூன்றாவது, ஆண்டிபட்டிக்கு அருகே உள்ள வைகை அணை. 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இதில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவரப்படும் நீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. மதுரையில் நாம் குடிக்கும் நீரிலும் இதற்குப் பங்கு உண்டு. அணையின் இரு பக்கமும் பூங்கா. நடுவே ஆற்றைக் கடக்க ஒரு தாழ்ந்த பாலம். என் தோழியர், "இங்கேயே கூடாரம் அடிப்போம்!" என்று குதித்தார்கள். ஆனால் அணை திறந்தால் அந்தப் பாலமே மூழ்கிவிடும் என்றார்கள் அங்கிருந்தவர்கள். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் அந்த எச்சரிக்கை போகிறது. எங்கோ ஒரு மதகு தூக்கப்பட்டால், வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு உயரும்.

மூன்று இடமும் அழகு. மூன்றிலும் இரவில் தூங்க எனக்குத் துணிவு வரவில்லை. வாடிய முகத்தோடு வீடு வந்த என்னை அப்பத்தா பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"நீங்க என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பேசுறீக. சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கிட்டு மூணு ராத்திரி ஆத்து மணல்ல படுத்தவதான் நான்" என்றார்.

சித்திரைப் பௌர்ணமியில் கள்ளழகர் வைகையில் இறங்குவதைக் காண, சுற்றுப்பட்டுக் கிராமத்தார் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டிகளில் புறப்பட்டு வருவார்களாம். வண்டியை அவிழ்த்துப் போட்டு, அதன் நிழலில் அடுப்பு மூட்டுவார்கள். குடிக்க மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். மேல் பக்கம் குடிநீர் ஊற்று. அதற்குக் கீழே குளியல். அதற்கும் கீழே மாடு கழுவுவது. இந்த வரிசையை யாரும் மீறுவதில்லை. சாரணியர் பாடத்தில் நாங்கள் படித்த முகாம் ஒழுங்கு அப்படியே அப்பத்தாவின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு வியந்தேன். இன்று அந்த மணலும் இல்லை, ஊற்றும் இல்லை. அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து நீர் திறந்துவிடுகிறார்கள்.

"எடம் பாக்கத் தெரியணும் தாயி. தண்ணி இப்ப எங்க நிக்கிதுன்னு பாக்காத. எது வரைக்கும் வந்துட்டுப் போயிருக்குன்னு பாரு. மரத்துல, முள்ளுல சருகு மாட்டியிருக்கும். அதுக்கு மேல படு" என்றார் அப்பத்தா. சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க அத்தைக்கு இத நான் சொல்லாமப் போயிட்டேன்" என்றார்.

எனக்கு ஓர் அத்தை இருந்தது அன்றுதான் முழுமையாகத் தெரிந்தது. சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்திருக்கிறேன். ஏதோ காய்ச்சல் என்று நினைத்திருந்தேன். 1996ஆம் ஆண்டு கார்த்திகையில், துணி துவைக்கக் கண்மாய்க்குப் போன இடத்தில், மிதந்து போன பாவாடையை எட்டி எடுக்க நாலு அடி உள்ளே நடந்திருக்கிறார். கண்மாயின் தரை சரிவாகத்தான் ஆழமாகும். ஆனால் அந்தக் கோடையில் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம் ஒன்று சுவர்போலச் செங்குத்தாக இறங்கியிருந்தது. மேலே நிறைந்து நின்ற நீரில் அது தெரியவில்லை. அத்தைக்குப் பதினான்கு வயது.

மறுநாள் அப்பா இரவு ஷிப்டு முடிந்து வந்ததும், காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "அத்தைக்கு நீச்சல் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தெரியாது. சொல்லிக்குடுண்ணேன்னு எத்தன தடவ கேட்டுச்சு. தெருப் பயலுக அத்தன பேருக்கும் நாந்தான் கெணத்துல பழக்கிவிட்டேன். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு அதுக்கு மட்டும் சொல்லிக்குடுக்கல."

என் தொண்டை அடைத்துக்கொண்டது. "எனக்குச் சொல்லிக் கொடுங்கப்பா" என்றேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். ஆனால் வரும் ஞாயிறு விடிவதற்கு முன்பே என்னை எழுப்பினார். கையில் இரண்டு காலி எண்ணெய் கேன்களும் கயிறும் இருந்தன.

எங்கள் உறவினர் தோட்டத்துக் கிணறு. படி உள்ள கிணறு. அந்தக் காலத்தில் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டுவார்களாம், எனக்குக் கேன். மார்கழிக் குளிரில் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. முதல் நாள் இரண்டு மடக்கு நீர் குடித்தேன். மேலே நின்ற அம்மா, "போதும், ஏறி வரச் சொல்லுங்க" என்று அழுதார். அப்பா, "இன்னும் ஒரு தடவ" என்றார். நான்காவது ஞாயிறு ஒரு கேனை அவிழ்த்தார். ஆறாவது ஞாயிறு மற்றொன்றையும் அவிழ்த்துவிட்டார். எனக்குத் தெரியாமலே அவிழ்த்திருந்தார்.

முகாமுக்கு இடமும் கிடைத்தது. எங்கள் ஊர்க் கண்மாய்தான்! கரைக்கு வெளியே தாழ்வான வயலில் தங்கினால், கரை உடைந்தால் ஆபத்து. உள்வாயில் தங்கினால், நீர் ஏறினால் ஆபத்து. ஆனால் எந்தக் கண்மாய்க்கும் ஒரு கலுங்கு உண்டு. அதன் மட்டத்துக்கு மேல் நீர் வந்தால் தானாக வழிந்து ஓடிவிடும். எனவே, கரை முடியும் இடத்தில் கலுங்கு மட்டத்தைவிட நன்றாக உயர்ந்திருந்த மேட்டைத் தேர்ந்தோம். அங்கிருந்த வேலிமுள்ளில் சருகு மாட்டியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து தேடினேன். இல்லை. நீரிலிருந்து நூறு தப்படி தள்ளிக் கூடாரங்கள். சிஸ்டர் ஊராட்சியிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அனுமதி பெற்றார். அப்பா நீண்ட மூங்கில் கழியோடு இறங்கி, கரையோரம் முழுவதும் அடி அடியாக ஆழம் பார்த்தார். பழைய பள்ளத்தைக் கண்டுபிடித்து, நான்கு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். அந்த வேலையை யாரும் கூட வந்து செய்ய அவர் விடவில்லை.

தை மாதம் இரண்டு இரவு தங்கினோம். மூன்று அணிகள், இருபத்து நான்கு பேர். தனியாக யாரும் நீர்ப்பக்கம் போகக்கூடாது; இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஊதல் ஒலித்ததும் இணையின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். சிஸ்டர் எங்களுக்கு ஒரு செய்தி சொன்னார். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 29 வயதுக்கு உட்பட்டவர்கள். இதைத் தடுக்கவே ஜூலை 25ஆம் நாளை ஐக்கிய நாடுகள் சபை ஒதுக்கியிருக்கிறது. மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சு விடவே முடியாதவர் கத்துவது எப்படி? ஆகவே சத்தத்தை நம்பாமல் கண்ணால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதித்து இரண்டு உயிரை இழக்கக்கூடாது. கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிறு கட்டிய காலிக் கேனை எறி, கூவி ஆளைக் கூப்பிடு. இதை ஒவ்வொருவரும் பத்து முறை எறிந்து பழகினோம்.

இரவில் நிலா கண்மாயில் இறங்கியது. நெடுஞ்சாலை லாரிகளின் ஓசை தூரத்தில் தேய்ந்தது. நாமக்கோழி ஒன்று கோரைக்குள்ளிருந்து கூவியது. பதினாறு ஆண்டுகளாக என் வீட்டுக்குப் பின்னால் இத்தனை அழகு இருந்ததா என்று உறங்காமல் கிடந்தேன்.

விடியற்காலை கூடாரத் துணியை விலக்கினேன். கரைமேல் அப்பா நின்றிருந்தார். ஆலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். சட்டையில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. நாங்கள் வரிசையில் நின்றபோது அவருடைய உதடுகள் அசைந்தன. அருகில் போனேன். "இருபத்தி நாலும் சரியா இருக்கு" என்றார். நேற்றிரவு வேலைக்குப் போகும் முன்பும் வந்து எண்ணிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

தோழியரே! விடுமுறைக்கு அருவிக்கோ அணைக்கோ ஆற்றுக்கோ போகத்தான் போகிறீர்கள். போங்கள். போகும்முன் மேலே மழையா என்று கேளுங்கள். நீர் எது வரை வந்து போனது என்று பாருங்கள். தெரியாத தண்ணீரில் கழி ஊன்றாமல் கால் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் நீச்சல் தெரிந்த யாரிடமாவது, "எனக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு முறை மறுத்தால் மறுமுறையும் கேளுங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் அந்தக் கிணற்றில் என்னோடு எங்கள் தெருவைச் சேர்ந்த ஐந்து பெண் பிள்ளைகள் பழகுகிறார்கள். அப்பா படியில் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார்.