சோம்பல் என்னும் பழி

வறியவர் ஒருவர் தொழிலிற் சேர்ந்து சில கிழமைகளில் விலகிவிட்டால், அவரைச் சோம்பேறி எனல் உலக வழக்கு. வறுமைக்குக் காரணம் தேடுவோருக்கு அதனிலும் எளிதான விடை கிடைப்பதில்லை. அவ்விடை எத்துணை பிழையானது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் உணர்த்துகின்றது.

அந்நாட்டில் 1996ஆம் ஆண்டு நிறைவேறிய நலன்புரிச் சீர்திருத்தச் சட்டம், பிள்ளைகளையுடைய வறிய குடும்பங்களுக்கான பண உதவியைத் தொழிலோடு பிணைத்தது. மத்திய அரசின் நிதியிலிருந்து வழங்கப்படும் உதவி, சில விலக்குகள் நீங்கலாக, வாழ்நாளில் 60 மாதங்களுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. தக்க காரணமின்றித் தொழில் முயற்சியில் ஈடுபடாதோரின் உதவி குறைக்கப்படும், நிறுத்தப்படவும் கூடும். அவ்வெச்சரிக்கை பெரும்பாலும் கடித வடிவிலேயே வரும். எழுத்துக்களைப் பிரித்தறிய அல்லற்படும் ஒரு தாய்க்கு அக்கடிதத்தாற் பயன் யாது? குறித்த நாளில் அவள் அலுவலகஞ் செல்லாமை அசட்டையெனப் பதியப்பட்டுவிடும்.

கற்றல் இடர்ப்பாடு அறிவுக் குறைவன்று. வாசித்தல், எழுதுதல், கணித்தல் ஆகியவற்றுள் ஏதேனுமொன்று, ஒருவரின் ஏனைய ஆற்றல்களுக்கு ஒவ்வாத வகையிற் கடினமாதலே அது. பிறர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. இதனை இனங்காண வாஷிங்டன் மாநிலத்தார் 1990களில் 13 வினாக்களை வகுத்தனர். படிவம் நிரப்புவது கடினமா, எண்களை நினைவில் இருத்துவது கடினமா, குடும்பத்தில் வேறெவர்க்கேனும் கற்பதில் இடருண்டா என அவை வினவும். மேலும் பரிசோதிக்க வேண்டியவர் யாவர் என்பதை அவை சுட்டிக்காட்டும்.

தொழிலைத் தேடுவதிலும் அதில் நிலைத்தல் அரிது. களஞ்சியத்திற் பொருள்களைத் திறம்பட அடுக்கும் ஒருவர், நாளாந்தக் குறிப்பேட்டை எழுதுமாறு பணிக்கப்பட்ட அன்றே வேலையை விட்டகலலாம். அவருக்கு வேண்டுவன சிலவே: வாய்மொழி அறிவுறுத்தல், படங்களாலான வேலைப்பட்டியல், சற்றே கூடிய நேரம், முதற் சில மாதங்கள் உடனிருந்து பழக்கும் ஒருவர். 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில், நியாயமான வசதிகளை அளித்தல் வேண்டுமென இயலாமையுடைய அமெரிக்கருக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. ஆயின், அவ்வசதியை வேண்டுபவர் பொதுவாகத் தம் இடரைத் தாமே வெளிப்படுத்தல் வேண்டும். 'மக்கு' என்னும் ஏச்சுக்கு அஞ்சிப் பள்ளிப் பருவந்தொட்டு மறைத்ததை முதலாளியின் முன் கூறுவது எளிதோ?

எனவே, வராதவரைத் தண்டிக்குமுன், "அக்கடிதத்தை வாசிக்க முடிந்ததா?" என அலுவலர் கேட்டல் வேண்டும். 60 மாதங்களும் கழிந்தபின் அவ்வினாவினாற் பயனில்லை.