கீழே இன்னும் ஒரு படி

இலங்கையின் வடக்கே வன்னியில் ஓடுகிற வாகனம் உயரமாகத்தான் இருக்க வேண்டும். ஏ9 வீதி காப்பற் போட்டுக் கிடக்கிறது. பரந்தனிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் முல்லைத்தீவுக்குப் போகும் வீதிகளும் திருத்தப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றை விட்டு இறங்கி முத்தையன்கட்டுப் பக்கமோ வவுனிக்குளப் பக்கமோ உள்ளே போகிறவருக்குக் கிறவலும் குழியும்தான். மாரியில் அந்தக் குழிகளின் மேல் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்த 2018 மார்கழியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது ஆட்களை ஏற்றிவர உழவு இயந்திரங்களும் உயர்ந்த வாகனங்களும் போயின. ஆகவே கப் வாகனத்துக்குப் பெரிய ரயர் போடுகிறவரையும், ஸ்பிரிங்கை உயர்த்திக் கட்டுகிறவரையும் குறை சொல்ல வரவில்லை. அந்த உயரத்துக்கு ஏறப்போகிறவர் யார் என்ற கேள்வியை ஏன் யாரும் கராஜில் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். போர் முடிந்த மண் இது. கண்ணிவெடியிலும் எறிகணையிலும் காலை இழந்தவர்கள், முதுகிலும் இடுப்பிலும் இன்னும் சன்னத் துண்டுகளோடு நடமாடுகிறவர்கள், முழங்கால் தேய்ந்த அம்மம்மாக்கள், சேலை கட்டிய கர்ப்பிணிகள் எல்லோரும் இந்த வாகனங்களில்தான் வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் போகிறார்கள். நாட்டிலேயே உயர்ந்த வாகனம் அதிகம் தேவைப்படும் இடங்களில் ஒன்றில், காலை உயர்த்த முடியாதவர்களும் அதிகமாக இருக்கிறார்கள்.

வாகனத்தின் உயரத்தை வீதி தீர்மானிக்கிறது. படியின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது மனிதனின் முழங்கால். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘உயரமான வாகனம் என்றால் ஏறக் கஷ்டம்தான்’ என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். வாசல் அடித்தட்டு நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பலருக்கு முழங்காலுக்கும் மேலே. நடுவில் ஒரு படி வைத்தால் ஒவ்வோர் எட்டும் 30 சென்ரிமீற்றர், இரண்டு படி வைத்தால் 20. வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் 17, 18 சென்ரிமீற்றர்தான். பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டு வந்த பஸ் அணுகல் ஒழுங்குவிதி, நிலத்திலிருந்து முதற்படி 25 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்றது. அந்த 25 ஐ நாமும் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

செயற்கைக் கால் போட்டவர் ஏறுவதைச் சற்று உற்றுப் பார்த்தால் விஷயம் விளங்கும். முழங்காலுக்கு மேல் கால் போனவருக்கு, பொருத்திய சாதாரணச் செயற்கைக் காலின் மூட்டு தானாக நிமிர்ந்து உடலைத் தூக்காது. ஏறும்போது நல்ல கால்தான் முதலில் போகும். அது முழுப் பாரத்தையும் மேலே இழுத்தபின் செயற்கைக் கால் பின்னால் வந்து சேரும். இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் கீழே வரும், நல்ல கால் மேலே மடங்கி நின்று பாரத்தைத் தாங்கும். அதனால் உயரமான படியில் ஒற்றைக் கால் இரட்டை வேலை செய்கிறது. கையால் பிடிக்க ஏதும் இல்லாவிட்டால் ஆள் சரிந்துவிடுவார். 1968 இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், சம்மணமிடவும் குந்தவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் இடம் கொடுத்தது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 இலிருந்து இந்த மண்ணின் ஆட்களுக்குக் கால் செய்து கொடுத்து வருகிறது. ஆனால் இத்தகைய செயற்கைப் பாதத்துக்குத் தொடுவுணர்வு இல்லை. படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே குழாய் ஒன்றை வளைத்து ஒட்டிவிட்டுப் ‘படி’ என்று சொல்வது போதாது. பாதம் முழுதும் பதிய இருபது சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலம் வேண்டும். களிமண் ஒட்டிய செருப்பு வழுக்காதபடி, மண் கீழே விழ ஓட்டைகள் உள்ள, சொரசொரப்பான தகடு வேண்டும். கைபிடி கதவில் இருக்கக்கூடாது, ஏனென்றால் கதவு ஆடும். அதை வாசற் தூணில், நிலத்தில் நிற்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருத்த வேண்டும். பல வாகனங்களில் கைபிடி கூரையோரம் இருக்கிறது. அது உள்ளே இருப்பவருக்கு உதவுமே தவிர, கீழே நிற்பவருக்கு எட்டாது.

இதற்கு ஓட்டுநர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது. தாழ்வாகப் படி வைத்தால் வரம்பிலும் மரக்குற்றியிலும் முட்டும், உயர்த்திய பலன் கெட்டுவிடும் என்பார்கள். நிரந்தரமாக ஒட்டிய படிக்கு இது உண்மை. சங்கிலியில் தொங்கவிட்டால் முட்டாது, ஆனால் மிதிக்கும்போது ஊஞ்சலாடும். காலில்லாதவருக்கு அது இன்னும் ஆபத்து. பெரிய டிப்பர்களிலும் மண் அள்ளும் இயந்திரங்களிலும் கடைசிப் படியைத் தடித்த ரப்பர்ப் பட்டையில் தொங்கவிட்டிருப்பார்கள். முட்டினால் வளைந்து விலகும், மிதித்தால் சங்கிலி அளவுக்கு ஆடாது. பழைய லொறி ரயரின் பக்கச்சுவரை வெட்டினால் அப்படிப்பட்ட பட்டை கிடைத்துவிடும். மடித்துக் கொக்கியில் மாட்டும் படியும் செய்யலாம். வாகனம் நின்ற பின்தானே படி வேண்டும்? ஒன்றைமட்டும் வலியுறுத்துவேன். தாங்கியை மெல்லிய உடற்தகட்டில் ஒட்டக்கூடாது. சேசியில் யூ வடிவக் கவ்வி போட்டு முறுக்க வேண்டும். சேசியிலேயே வெல்டிங் வைத்தால் சூட்டில் அந்த இடம் பலவீனப்படும்.

‘ஆள் இருக்கிறது, தூக்கி ஏற்றிவிடுவோம்’ என்பது அடுத்த மறுப்பு. அன்பில் வரும் பேச்சுத்தான். ஆனால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது முதுகில் காயம் உள்ளவருக்கு வலி, தூக்குகிறவருக்கும் இடுப்புப் பிடிப்பு. ஒரு பெண்ணை அயலவர் முன் அப்படித் தூக்குவதை அவள் விரும்புகிறாளா என்றும் கேட்க வேண்டும். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த ஊர்களில், தூக்க ஆள் எப்போதும் இருக்கும் என்று எண்ணவும் முடியாது. பிளாஸ்ரிக் கதிரையை வைத்து ஏற்றுவது இன்னொரு வழக்கம். ஈர மண்ணில் அதன் கால் ஒன்று புதைந்தால் போதும், கதிரையோடு ஆளும் விழுவார்.

தாழ்தள வாகனம் வரட்டும், அதுவரை பொறுப்போம் என்பவர்களும் உண்டு. சென்னையில் 2024 ஓகஸ்டில் புதிய தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் அவை ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கும். நகரத்துக்கு அது சரி, கிறவல் வீதியில் அடித்தட்டு மிஞ்சாது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இருக்கிற வாகனத்தைத் திருத்துவதுதான் கைக்கெட்டிய வழி. சட்டமும் வெறுமையாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கு 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 2006 இல் அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன. ஆனால் சாய்தளம் உள்ள அலுவலகத்துக்கு, ஏற முடியாத வாகனத்தில் எப்படிப் போய்ச் சேர்வது?

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எந்தப் படியும் உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மீற்றர் உயரமுள்ள உழவு இயந்திரப் பெட்டிக்கு, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சாய்தளம் போட்டால் அது பன்னிரண்டு மீற்றர் நீளும். எந்த வாகனமும் அதைச் சுமந்து திரியாது. இங்கே நம் கோயில்கள் வழி காட்டுகின்றன. தேர் உயரம் என்று யாரும் தேரைக் குறைக்கவில்லை. படி வைத்த தேர்முட்டியைக் கட்டி, சுவாமியை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய் ஏற்றினார்கள். அதேபோல வைத்தியசாலை, பிரதேச செயலக வாசல்களில், ஒரு பக்கம் சாய்தளமும் மறுபக்கம் பெட்டியின் உயரமுமாக ஒரு மேடை கட்டலாம். உழவு இயந்திரம் பின்னால் வந்து அதை ஒட்டி நின்றால் போதும், நாற்காலியோடு இறங்கிவிடலாம்.

வாகனம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது அளவுநாடாவை எடுத்து, நிலத்திலிருந்து வாசல் அடித்தட்டு வரை அளந்து பாருங்கள். முதற்படி 25 சென்ரிமீற்றருக்குள் வர என்ன செய்யலாம் என்று வெல்டிங் செய்பவரைக் கேளுங்கள். செய்து முடித்ததும், ஊரில் செயற்கைக் கால் போட்ட ஒருவரைக் கூப்பிட்டு ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு கூலியைக் கொடுங்கள்.