கிளை நூலகத்துச் சனிக்கிழமைகள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முதலில் கரிசல் காடு வரும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று கொல்லைகள் மாறிக்கொண்டே போகும். அரியலூர் நெருங்க நெருங்க மண் வெளுக்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் கல் ஏற்றிய லாரிகளும் தெரிய ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது எல்லாமே திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்து, மறு வருடமே திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. அதற்கேற்பக் கிளை நூலகத்தின் பெயர்ப்பலகையையும் அழித்து அழித்து எழுதினார்கள். உள்ளே சிறுவர் அலமாரி மட்டும் வடக்குச் சுவரோரம் அப்படியே நின்றது.

வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடுதான் நூலகம். திண்ணையில் பேப்பர் படிக்கும் மேசையும் இரண்டு பெஞ்சும். உள்ளே இரும்பு ராக்குகள், ஒரு மின்விசிறி, நூலகர் அக்காவின் மேசை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அக்காதான். பெரியவர்கள் ‘லைப்ரரிம்மா’ என்பார்கள். சி.எல்.ஐ.எஸ். என்ற நூலகச் சான்றிதழ்ப் படிப்பு படித்துவிட்டு வேலைக்கு வந்தவர். காலையில் கதவைத் திறப்பது, கூட்டிப் பெருக்குவது, பேப்பரை மேசையில் போடுவது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, சீல் குத்துவது, பதிவேடு எழுதுவது, மாதக் கடைசியில் கணக்கை மாவட்ட நூலக அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எல்லாம் அவர் ஒருவரே. சிறுவர் நூலகர் என்று தனியாக ஒரு பதவி எங்கள் ஊர் போன்ற இடங்களில் கிடையாது. அந்த வேலை மட்டும் இருந்தது. இத்தனைக்கும் இடையில் அதையும் அவர் செய்தார்.

கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தினமலரோடு சிறுவர்மலர் அப்போது வந்ததும் வெள்ளிக்கிழமைதான். ஊர்ப் பிள்ளைகள் வாரம் முழுக்கக் காத்திருக்கும் தாள் வரும் நாளில் நூலகம் பூட்டிக் கிடக்கும். அக்கா அதற்கு ஒரு வழி செய்தார். ஏஜென்ட் கடையில் சொல்லிவைத்து, வெள்ளிக்கிழமை பேப்பரைத் தன் வீட்டுக்கு வரவழைத்துக்கொள்வார். சனிக்கிழமை காலையில் சிறுவர்மலரைத் தனியே பிரித்து, நடுவில் நூல் போட்டுத் தைத்து, சிறுவர் பெஞ்சின் மேல் வைப்பார். தைக்காவிட்டால் பத்து கைகள் இழுத்துப் பத்துத் துண்டாகிவிடும். யார் முதலில் படிப்பது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. போன வாரம் கடைசியில் படித்தவர்தான் இந்த வாரம் முதலில். அது அக்கா போட்ட சட்டம், ஒருவரும் மீறியதில்லை.

உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெரியவர்கள் ஒரு கிறுக்கலோடு நகர்ந்துவிடுவார்கள். எங்களுக்கு அதுதான் வாழ்க்கையில் போட்ட முதல் கையெழுத்து. ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் பெயர் கீழ்க்கட்டத்துக்கும் இறங்கும். “பேர முழுசா எழுதுப்பா, இனிஷியலோட எழுது. நீ வந்துட்டுப் போனதுக்கு இதான் சாட்சி” என்பார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் போனது என்ற கணக்கு மேலே போகும் என்பதும், வாசகர் எண்ணிக்கை குறைந்தால் நூலகத்தை நடத்தத்தான் வேண்டுமா என்ற கேள்வி வரும் என்பதும் பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் கோணல் எழுத்துகளும் சேர்ந்துதான் அந்த நூலகத்தைத் திறந்து வைத்திருந்தன.

உறுப்பினர் ஆவது அத்தனை சுலபமில்லை. காப்புத்தொகை கட்ட வேண்டும், சந்தா கட்ட வேண்டும். வெங்காயம் உரிக்கப் போகும் வீடுகளில் புத்தகத்துக்கென்று காசு கேட்டால் என்ன பதில் வரும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையை அக்கா பார்த்த உடனே கண்டுகொள்வார். அது அலமாரியின் முன் நிற்கும், எடுக்காது; கேட்டால் “சும்மா பாக்கறேங்க்கா” என்னும். சிலருக்கு ஊரில் வசதியான ஒருவரைப் பிடித்துப் பணம் கட்ட வைத்தார். சிலருக்குத் தன் கைக்காசைப் போட்டார். அதை யாரிடமும் சொன்னதில்லை. ரசீதுக் கட்டையைப் பார்த்த எங்களுக்குத் தெரியும்.

பருத்தி எடுக்கும் மாதங்களில் கூட்டம் குறையும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் விடிந்ததும் அம்மாவோடு கொல்லைக்குப் போய்விடுவார்கள். தவணை தாண்டி வந்த புத்தகத்துக்கு அபராதம் போட வேண்டும் என்பது விதி. யார் வீட்டில் என்ன வேலை என்று அக்காவுக்குத் தெரியும் என்பதால், தவணை முடிவதற்கு முன்னாலேயே பதிவேட்டில் புதுப்பித்து எழுதி வைத்துவிடுவார். வேலை முடிந்து தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளையிடம், “அவனயும் உள்ள கூட்டிட்டு வா” என்பார். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் கொட்டை எழுத்தும் பெரிய படமுமாக ஒன்றை எடுத்து அந்தப் பொடியன் மடியில் வைப்பார். அவன் ஓரத்தைக் கடிப்பான். அந்தப் புத்தகங்களின் முனைகள் நைந்து போனதற்கு அதுவே காரணம்.

நைந்ததைச் சரிசெய்வதும் அவர் வேலைதான். மே மாதப் பிற்பகல்களில் மைதாவைக் கொதிக்கவைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்த்துப் பசை காய்ச்சுவார். காடாத் துணியைக் கீற்றுக் கீற்றாய் வெட்டி முதுகில் ஒட்டி, மேலே கல் வைத்துக் காயவிடுவார். தெனாலிராமன், மரியாதைராமன், விக்கிரமாதித்தன், வாண்டுமாமா எல்லாரும் ஒரே நிற அட்டையில் வரிசையாய்ப் படுத்திருப்பார்கள். அட்டை மாறியதும் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது என்று முன்பக்கத்தில் தானே சின்னதாய் ஒரு படம் வரைந்துவிடுவார். தெனாலிராமன் புத்தகத்துக்குப் பூனை. வாண்டுமாமாவுக்கு ஒரு வாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனும் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ள முடிந்தது.

அரியலூர்ப் பக்கத்துக்கே உரிய வேலை ஒன்றும் உண்டு. லாரிகள் கிளப்பிவிட்ட வெள்ளைத் தூசி ஓட்டு இடுக்கு வழியாக இறங்கிப் புத்தகங்களின் மேல் விளிம்பில் படியும். ஈரத்துணி போட்டால் அப்பிக்கொள்ளும் என்று காய்ந்த துணியால் ஒவ்வொன்றாய்த் தட்டுவார். நூலகம் மெயின் ரோட்டில் இருந்ததால் பிள்ளைகளை அவரே வாசலில் நின்று சாலை கடத்திவிடுவார். லோடு ஏற்றிய லாரியும் காலி லாரியும் எப்படி வேறு வேறு வேகத்தில் வரும் என்பதை எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளைகளை நாலு பேராய்ச் சேர்த்து அனுப்புவார்.

அவரிடம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஆடு மேய்க்கப் போன பையன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவர் மேசையில் வைத்தான். உள்ளங்கை அகலம். சுருண்டு சுருண்டு போன வடிவம், அதன் மேல் வரி வரியாய்க் கோடு. “இது என்னாங்க்கா? கல்லா, நத்தையா?” அக்கா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெ. தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் எங்களிடம் சில தொகுதிகள் இருந்தன. அன்று தேடியது கிடைக்கவில்லை. “இதுக்குப் பதில் என்கிட்ட இப்ப இல்ல தம்பி. கேட்டுட்டு வரேன், கல்ல பத்திரமா வை” என்று சொல்லி, கல்லைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்துகொண்டார். மாதக் கணக்குக் கொடுக்கப் போனபோது அந்தத் தாளையும் கொண்டுபோய், மைய நூலகத்தில் பெரிய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துப் பதிலோடு வந்தார். அது அம்மோனைட். கடலில் வாழ்ந்த உயிர். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் கரிசலும் சுண்ணாம்புப் பாறையும் கடலுக்கு அடியில் கிடந்தன. காரையிலும் கருடமங்கலத்திலும் ஓடைகளில் கிடைப்பது அந்தக் கடலின் மிச்சம். சாத்தனூரில் படுத்துக்கிடக்கும் 18 மீட்டர் கல்மரத்தை 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் உலகுக்குச் சொன்னார்.

இதையெல்லாம் அந்தப் பையனை முன்னால் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “கேட்டது இவன்தான்” என்று தொடங்கித்தான் சொன்னார். அடுத்த வாரம் சிறுவர் பெஞ்சு முழுக்கக் கற்கள். இன்று வாரணவாசியில் அரசு அமைத்த புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பெஞ்சுதான் முதல் அருங்காட்சியகம்.

இன்னொரு பையன் சற்றுப் பெரியவன், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாம் பாகம் கேட்டு நின்றான். “பழுவேட்டரையர் ஊரு எதுன்னு தெரியுமா?” என்றார் அக்கா. தெரியாது என்றான். “பழுவூரு. கீழப்பழுவூர் பஸ்ஸு நம்ம பக்கந்தான் போவுது.” கதையில் வாசித்த ஊர் பேருந்துப் பலகையில் எழுதியிருக்கும் ஊர்தான் என்று தெரிந்த அந்தப் பையனின் முகத்தை நான் மறக்கவில்லை. சரியான புத்தகத்தைச் சரியான நேரத்தில் சரியான பிள்ளையிடம் சேர்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கம் வாசகர்களைத் தேடி மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

அக்காவுக்குத் தீராத கவலைகளும் இருந்தன. சிறுவர் புத்தகங்களை அவர் தேர்ந்தெடுக்க முடியாது. மேலிருந்து கட்டுக்கட்டாய் வருவதைப் பிரித்து அடுக்க வேண்டியதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுக்கு நாலு புத்தகம் கேட்டால் நாற்பது பொதுஅறிவுப் புத்தகம் வரும். இன்னொரு பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதி எப்படியாவது வேலைக்குப் போக வேண்டும் என்று காலையிலேயே வந்து உட்காருவார்கள். சத்தம் அவர்களுக்கு ஆகாது, சத்தமில்லாமல் பிள்ளைகளுக்கு ஆகாது. இருப்பதோ ஒரே அறை. சனி, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் திண்ணைக்குக் கூட்டிவந்து கதை சொல்லி அக்கா சமாளித்தார். அந்த நேரத்தில் உள்ளே புத்தகம் எடுக்க வருபவருக்காக நடுவில் எழுந்தும் ஓடுவார். கதை பாதியில் நிற்கும். திரும்பி வந்து விட்ட இடத்தைச் சரியாகப் பிடிப்பார்.

இந்தச் சிக்கல் உலகம் முழுக்க இருந்ததுதான். நியூயார்க் பொது நூலகத்தில் 1906இல் சேர்ந்த ஆன் கரோல் மூர் சிறுவர் அறைகளை அமைத்தார், அமைதி காக்கச் சொல்லும் பலகைகளைக் கழற்றினார், பிள்ளைகளோடு பழகத் தெரிந்த நூலகர்களை அதற்கென்றே பயிற்றுவித்தார். சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே பெரிய பகுதிகள் இருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் கல்லை எடுத்துக்கொண்டு வரும் ஆட்டுக்காரப் பையன் மதுரைக்குப் போக முடியாது. அவன் நடந்து போகும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

அந்தத் தேவை எங்கள் மண்ணுக்கு இன்னும் வலுவாகத் தெரிந்தது 2017இல். செந்துறை அருகே குழுமூரைச் சேர்ந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கியும் மருத்துவம் படிக்க வழியில்லாமல் உயிரை விட்டார். அவர் நினைவாக அந்த ஊரில் எழுந்தது ஒரு நூலகம். ஒரு மகளை இழந்த ஊர் மற்றப் பிள்ளைகளுக்காகப் புத்தகங்களைத்தான் அடுக்கியது.

நூலகம் நமக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது. நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேர்த்துத்தான் வசூலிக்கப்படுகிறது. அந்தப் பத்து பைசாவில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குறைந்தது ஒவ்வொரு வட்டத் தலைநகர் நூலகத்திலாவது சிறுவர்களுக்கென்று ஒரு நூலகரை நியமிக்க வேண்டும். அவருக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கதை சொல்ல ஒரு தனி அறையும் வேண்டும். நூலகர் அக்காக்கள் ஒற்றை ஆளாய்ச் சுமந்ததை இனியும் தனிமனிதரின் நல்ல மனசை நம்பி விட்டுவிடக் கூடாது. அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வருகிற சனிக்கிழமை உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்துக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள், பதிவேட்டில் அதன் பெயரை முழுசாய் எழுத வையுங்கள்.