காது நுனியில்லாத பூனை

மகளின் குடும்பம் வேலை நிமித்தம் சிங்கப்பூரில் இருக்கிறது. பேரனைப் பார்க்கவென்று 2024 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்டேன். அந்த நாட்டுக் கட்டடங்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அங்கு கண்ட தெருப் பூனைகளைப் பற்றி.

மகள் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மாடிக் குடியிருப்பில். அதன் கீழ்த்தளம் சுவரில்லாத திறந்த வெளி. முதல் நாள் காலையில் இறங்கியபோது தூணோரம் ஒரு சாம்பல் பூனை படுத்திருந்தது. அதன் இடக்காதில் நுனி இல்லை. ஷெல் பட்ட உடம்புகளைப் பார்த்த கண்ணல்லவா? நெஞ்சு திக்கென்றது.

"பாவம், ஆர் இதுக்கு இப்பிடிச் செய்தது?"

"அது காயமில்லையம்மா. குட்டி போடாமல் சத்திரசிகிச்சை செய்தாச்சு எண்டதுக்கு அடையாளம். மயக்கத்தில இருக்கேக்கையே நுனியை வெட்டி விடுவினம். திரும்பவும் பிடிச்சு வதைக்காமல் இருக்கத்தான்" என்றாள் மகள்.

பின்னேரங்களில் வயதான சீனப் பெண்மணி ஒருவர் தீனியோடு வருவார். பூனை தின்று முடியும்வரை நின்று, அந்த இடத்தைத் துடைத்துவிட்டே போவார். எங்களுக்குப் பொதுமொழி இல்லை. பூனையைக் காட்டிச் சிரித்துக்கொள்வோம்.

அந்தக் குடியிருப்புகளில் பூனை வளர்ப்பது 1989 முதல் தடுக்கப்பட்டிருந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல்தான் வீட்டுக்கு இரண்டு பூனை வைத்திருக்க அனுமதி. அதற்கு உரிமம் எடுக்க வேண்டும். தோலுக்கடியில் அடையாளச் சில்லும் பொருத்த வேண்டும். தடை இருந்த காலத்திலும் தெருப் பூனைகளுக்குச் சோறு வைத்தவர்கள் இப்படிப்பட்ட மனிதர்களே.

ஒக்டோபர் 30 வந்தது. அன்று பின்னேரம் பூனைக்குப் பக்கத்தில் இருந்தபடி, இருபத்தொன்பது வருடமாகச் சொல்லாததை மகளிடம் சொன்னேன்.

1995இல் இதே நாளில் ஒலிபெருக்கி அறிவித்தல் கேட்டு வலிகாமமே வெளிக்கிட்டது. எங்கள் பூனை மூன்று குட்டிகளோடு குசினியில் கிடந்தது. சட்டியில் சோறு வைத்து, இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று படலையைச் சாத்தினேன். மழைக்குள், சனத்துக்குள் நெரிபட்டு நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தது 1996இல். சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பூனையும் குட்டிகளும் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் நடுவில் பூனைக்காக எப்படி அழுவது? விழுங்கிக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. கேட்டுக்கொண்டிருந்தவள், "சோத்துக்குப் பால் விட்டனீங்கள்தானே, அம்மா?" என்றாள். அவளும் மறக்கவில்லை. இருவரும் அங்கேயே இருந்து அழுதோம்.

இப்போது சுன்னாகத்தில் என் வளவுக்கு இரண்டு தெருப் பூனைகள் வருகின்றன. இரண்டும் பெட்டை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்வித்தேன். குசினி வாசலில் அதே பழைய சட்டியில்தான் சோறு வைக்கிறேன். அவை தின்று முடியும்வரை நானும் நிற்கிறேன்.