கடைசி நாலு பக்கம்

கொடைக்கானலில் குணா குகைக்குப் போகும் பாதையில், மண்ணுக்கு மேலே பின்னிக் கிடக்கும் வேர்களில் ஏறி நின்று பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், தைலம் விற்கிற அம்மாள் கேட்காமலே என் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவிவிட்டார், அந்த நெடி ஏறியதும் கம்பிவேலியும் கூட்டமும் விலகி, பழனி அடிவாரத்து வீட்டின் பின்கட்டில் நெற்றி நிறையத் தைலமும் மடியில் நாவலுமாகச் சித்தி உட்கார்ந்திருந்தாள்.

தலைவலிக்காக நாவல் படித்தாளா, நாவல் படித்துத் தலைவலி வந்ததா என்று யாருக்கும் தெரியாது. வாடகை நூலகத்திலிருந்து நான்தான் எடுத்துவருவேன், தடித்த அட்டை, முதுகில் காலிகோ, பிரித்தால் பசை வாசம், ஓரங்களில் முன்னால் படித்தவர்கள் பென்சிலால் எழுதிய 'சூப்பர்', 'பாவம்'. ரமணிசந்திரன் என்றால் சித்திக்கு உயிர். அவள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய கதைகளில் நாயகன் பணக்காரன், முன்கோபி, நாயகியைத் தப்பாக நினைத்துச் சொல்லால் சுடுவான், அவள் பொறுத்துக்கொள்வாள், கடைசி நாலு பக்கத்தில் அவன் இளகும்போது அதுவரை சுட்டதெல்லாம் அன்பின் சூடாகிவிடும். ஆபாசம் துளியும் இல்லாததால் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சாம்பாரில் உப்பு கூடினால் சித்தப்பா தட்டை வீசுவார், சித்தி சுவரைத் துடைத்தபடியே, கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பாள், அந்தச் சுவரில் மஞ்சள் கறை வெள்ளையடித்த பிறகும் தெரிந்தது. சித்தப்பாவுக்குக் கடைசி நாலு பக்கம் வரவே இல்லை.

1991 தீபாவளிக்குக் குணா வந்தது, சந்தான பாரதி இயக்கம், வசனம் சித்தி விரும்பிப் படித்த இன்னொருவரான பாலகுமாரன். புத்தி பேதலித்தவன் ஒருத்தியை அபிராமி என்று நம்பித் தூக்கிப்போய் மலையில் வைத்துக்கொள்கிறான், அழுது திமிறியவள் மெல்ல மெல்ல அவனையே விரும்புகிறாள், இளையராஜாவின் பாட்டு ஒன்றில் அவன் சொல்லச்சொல்ல அவள் கடிதம் எழுதும்போது சித்தி முந்தானையை வாயில் வைத்து அழுதாள், நானும் அழுதேன், கமல் அப்படி நடித்திருந்தார். கதையைக் கேட்ட அப்பத்தா மட்டும் வெற்றிலையை இடித்துக்கொண்டே, "வீட்டுக்குப் போகணும்னு அழுத புள்ளைய ஏன் ஒருத்தரும் கூட்டிட்டுப் போகல?" என்றாள். அதற்குச் சித்தி பதில் சொல்லவில்லை, மாமியாரிடம் எதற்குமே சொன்னதில்லை.

அப்பத்தாவுக்குப் பிடித்தது வேறு காதல். கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம், டியூப் லைட்டில் பூச்சிகள் மொய்க்க, ஆர்மோனியம் மூச்சு வாங்க, பொக்கை வாயும் சுருக்குப் பையுமாக முன்வரிசைப் பாயில் இடம்பிடித்துவிடுவாள். அங்கேயும் முருகன் வேடன், கிழவன் என்று வேஷம் மாற்றிக்கொண்டு வள்ளியை விடாமல்தான் துரத்துகிறான், ஆனால் தினைப்புனப் பரணில் நிற்கிறவள் சும்மா இருப்பதில்லை, நீ யார், எந்த ஊர், உன் யோக்கியதை என்ன என்று கேட்டு, கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு மடக்குகிறாள், ஊரே காத்திருப்பது அந்தத் தர்க்கத்துக்குத்தான், நல்ல வாய் உள்ள வள்ளி கிடைத்தால் தர்க்கம் மணிக்கணக்கில் போகும். ஒன்றும் பலிக்காமல் முருகன் தன் அண்ணனை யானையாக வரவழைத்து அவளைப் பயமுறுத்தும் இடத்தில் அப்பத்தா சிரிப்பாள், "பேசி ஜெயிக்க முடியலைன்னா ஆனையக் கூப்பிடுறதா?" என்பாள், மறுநாள் காலையில் அதே முருகனை நினைத்துப் பயபக்தியோடு விபூதி பூசிக்கொள்வாள்.

வெள்ளைக்காரர்கள் டெவில்ஸ் கிச்சன் என்ற இடம் படத்துக்குப் பிறகு குணா குகை, அடைத்துவைத்தவன் பெயரே நிலைத்தது. 2024இல் மஞ்சும்மல் பாய்ஸ் படம் வந்து, அதே குகைக் குழியில் விழுந்த சிநேகிதனை மீட்கிற இடத்தில் அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டபோது, 33 வருடம் கழித்தாவது அது சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததாகத்தான் எனக்குப் பட்டது. கூட்டம் அதிலிருந்துதான் பெருத்தது, குகையைவிட ரீல்ஸ்தான் முக்கியம். இறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் செல்போனில் தொடர்கதை படித்துக்கொண்டு வந்தாள், ஆன்டி ஹீரோ கதை என்று தலைப்பிலேயே போட்டிருந்தது, சித்தியின் நாயகர்கள் முன்கோபத்தோடு நின்றுகொண்டார்கள், இவன் கடத்துகிறான், அடிக்கிறான், கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள், ஒன்றைத் தட்டிவிட ஒரு விரல் போதும், பென்சில்கூட வேண்டாம்.

அன்று ராத்திரி சித்தியைக் கூப்பிட்டேன். கண்புரை எடுத்தாயிற்று, மறுபடி நூலகத்தில் சேர்ந்திருக்கிறாளாம். இன்னுமா அதே கதைகள் என்றேன். "அதேதான், ஆனா இப்பெல்லாம் கடைசி நாலு பக்கத்த முதல்ல படிச்சிருவேன், அவன் வாயத் தொறந்து மன்னிப்புக் கேக்கலைன்னா அன்னைக்கே திருப்பிக் குடுத்துருவேன்," என்றாள், "தலைவலியாவது மிச்சம்."